எட்டு விநாடி

மெர்யா ராசனென் யோசித்துப் பேசுகிறவள். ஹாமே பக்கத்தில் பிறந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் என்று பெயர். திங்கட்கிழமை சொன்ன வேடிக்கைக்குப் புதன்கிழமை சிரிப்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அவள் கட்டிக்கொண்டதோ சவோ பக்கத்து ஆளை. சவோக்காரன் பேசினால் பொறுப்பு கேட்பவன் தலையில் என்று பின்லாந்து முழுக்க ஒரு வசனம் உண்டு. அவன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் வந்து சண்டை போடக்கூடாது.

முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் மெர்யா ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்த நாட்கள் குறைவு. அவள் யோசித்து யோசித்து ஆரம்பிப்பாள். பாதியில் எஸ்கோ குறுக்கே புகுந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான். "என்னை முடிக்க விடு கிழவா" என்பாள். விடமாட்டான். "அலா ஹொபொத்தா" என்பாள். உளறாதே என்று அர்த்தம். நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

அவள் ஹாமேன்லின்னாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள். அவன் லிப்ட் பழுது பார்ப்பவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஸ்பேனர் அவன் கையிலிருந்து நழுவி நாலு மாடி கீழே விழுந்தது. அடுத்த மாதம் இன்னொன்று விழுந்தது. தசையை ஒவ்வொன்றாகத் தின்னும் நரம்பு நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். முதலில் கை, பிறகு கால், அதற்கப்புறம் குரல் போகும் என்றும் சொன்னார்கள்.

குரல் போவதற்குள் எஸ்கோ ஒரு காரியம் செய்தான். வாசலறை அலமாரிக்குள், குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மைக்கில் தன் குரலைப் பதிவு செய்தான். கோட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். இரண்டு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியம். "காப்பி இருக்கா?" "தலையணையை இந்தப் பக்கம் தள்ளு." "நான் இங்கதான் இருக்கேன்." தும்மினவருக்குச் சொல்வது, பந்தயக் கார்க்காரனைத் திட்டுவது, மெர்யாவின் தங்கையை வம்புக்கு இழுப்பது எல்லாம் அதில் உண்டு. கடைசி முப்பது வாக்கியங்களில் நாக்கு குழறுவது கேட்கும்.

அவை எல்லாம் வீட்டுச் சர்வரில் இருந்தன. சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மூடிப்போன ஒரு அலுவலகத்திலிருந்து எஸ்கோ தூக்கி வந்த பழைய கம்ப்யூட்டர். துடைப்ப அலமாரியில் வாக்குவம் கிளீனருக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே இரண்டு டிஸ்க். பெரியதில் குரல் இருந்தது. அதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருந்தான். "பெட்டியத் தூக்கிட்டுப் போறவன் என் குரல்ல உனக்கு போன் பண்ணி காசு கேட்டா? நீ பாவம், குடுத்துருவ" என்று அப்போது சொன்னான். சின்ன டிஸ்கில் ஆபரேட்டிங் சிஸ்டம். சக்கர நாற்காலியில் மாட்டிய டேப்லெட்டில் வாக்கியங்கள் வரிசையாக ஒளிரும். இடது ஆட்காட்டி விரலால் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் சர்வர் அதை எடுத்துப் பேசும். வெளியே போனாலும் இன்டர்நெட் வழியாக இந்தச் சர்வர்தான் பேசும். சர்வர் நின்றால் டேப்லெட் வெறும் கண்ணாடிதான்.

சின்ன டிஸ்குக்குப் பதினோரு வயது. போன இலையுதிர் காலத்திலிருந்து டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. எஸ்கோ அமுக்கினால் குரல் வர எட்டு விநாடி ஆனது. வீட்டில் அது பெரிய கஷ்டமில்லை. மெர்யா ஹாமேக்காரி, எட்டு விநாடி அவளுக்கு ஒரு மூச்சு. ஆனால் அவனுடைய வேடிக்கைகள் செத்தன. ஆறின பிறகு பரிமாறும் பான்கேக் மாதிரி ஒவ்வொன்றும் தாமதமாக வந்து விழுந்தது.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விஷயம் முற்றியது. மூச்சுக்கு இயந்திரம் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று டாக்டர் எஸ்கோவைக் கேட்டார். கேட்டுவிட்டு மூன்று விநாடி பார்த்தார். பிறகு மெர்யா பக்கம் திரும்பி, "அவர் என்ன நினைக்கிறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். மெர்யா யோசித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அடுத்த சந்திப்புக்குத் தேதி சொல்லிவிட்டு, கைகொடுத்துவிட்டு, கதவைத் திறந்தபோது எஸ்கோவின் மடியிலிருந்து குரல் வந்தது: "நான் இங்கதான் இருக்கேன்." டாக்டருக்கு அது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. வீடு வந்து சேரும்வரை எஸ்கோ பொத்தானையே தொடவில்லை. மெர்யாவுக்கு டாக்டர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

அடுத்த சந்திப்பு மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. அதற்குள் சிஸ்டத்தை எஸ்எஸ்டி டிஸ்குக்கு மாற்றிவிட வேண்டும் என்று எஸ்கோ முடிவு கட்டினான். அதில் சுழலும் தட்டு கிடையாது, டிக் டிக் கிடையாது, கேட்டது உடனே வரும். கை மெர்யாவுடையது. மூளையை அவன் ஒரு தாளில் இறக்கினான். ஒற்றை விரலால் மூன்று வாரம் தட்டி, முப்பத்தொரு படிகள் எழுதி முடித்தான். ஒரு எழுத்துக்கு அரை நிமிஷம் ஆகும் என்பதால் படிகள் எல்லாம் தந்தி மாதிரி இருந்தன.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெர்யா சமையலறை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு துடைப்ப அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. தாளைக் காந்தத்தால் கதவில் ஒட்டினாள். எஸ்கோவின் நாற்காலியை அவளுக்கு எதிரில், அவன் கண்ணுக்குத் திரை தெரிகிற மாதிரி நிறுத்தினாள்.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா? இனிமே மத்தியானம் வரைக்கும் உனக்கு வாய் இல்ல."

எஸ்கோ அமுக்கினான். எட்டு விநாடி கழித்துக் குரல் வந்தது: "காப்பி இருக்கா?"

"அலா ஹொபொத்தா" என்று சொல்லிவிட்டுச் சர்வரை நிறுத்தினாள்.

முதல் எட்டுப் படிகள் சிரமமில்லாமல் போயின. பெட்டியைத் திறந்தாள். பழைய டிஸ்கைக் கழற்றினாள். அது ஒரு ரொட்டிக்கல் மாதிரி கனத்தது. புதியது மெல்லிய பிஸ்கட் அளவுதான் இருந்தது, இதுக்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்துக்கொண்டே மாட்டினாள். ஒன்பதாம் படி: 'குச்சி செருகு. கேட்பதற்கெல்லாம் என்டர்.' யுஎஸ்பி குச்சியைச் செருகினாள். திரை கேள்வி கேட்டது, என்டர் தட்டினாள். இன்னொன்று கேட்டது, தட்டினாள். எந்த டிஸ்க் என்று கேட்கும் இடத்தில் மட்டும் பத்தாம் படி 'சின்னது! சின்னது!' என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தது. ஒன்றரை நிமிஷம் விரலை வைத்துப் பார்த்துச் சின்னதைத் தேர்ந்தெடுத்தாள். பதினொன்றரைக்குப் புதிய சிஸ்டம் எழுந்து நின்றது. எழுந்த வேகத்தைப் பார்த்து மெர்யா எஸ்கோவைப் பார்த்தாள். அவன் இடது புருவம் ஏறி இறங்கியது. அவனுடைய கைதட்டல் அதுதான்.

இருபத்திரண்டாம் படி, குரல் டிஸ்கைத் திறப்பது. அதற்கு அவன் குச்சியில் ஒரு சின்னக் கட்டளை செய்து வைத்திருந்தான்; 'அவா' என்று அடித்தால் போதும், திற என்று அர்த்தம். அடித்தாள். திரை கடவுச்சொல் கேட்டது. காப்பி டப்பாவின் அடியிலிருந்த துண்டுச்சீட்டை எடுத்தாள். எஸ்கோ கை நன்றாக இருந்த காலத்தில் எழுதியது. அவள் அதை இதுவரை பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து மூடுவதெல்லாம் அவன் வேலை.

älähöpötä என்று எழுதியிருந்தது. அலா ஹொபொத்தா. உளறாதே.

"திருடா" என்றாள். "என் வாயிலேர்ந்து எடுத்துப் பூட்டுப் போட்டிருக்க."

சிரித்துக்கொண்டேதான் அடித்தாள். அடிப்பது திரையில் தெரியாது, இருட்டில் ஊசி கோர்ப்பது போலத்தான். என்டர் தட்டினாள். பொருந்தவில்லை என்றது திரை.

விரல் தவறியிருக்கும் என்று, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சாவியைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். பொருந்தவில்லை.

மெர்யா மூன்றாவது தடவை அடிக்கப் போன விரலை இழுத்துக்கொண்டாள். பேங்க் கார்டு ஞாபகம் வந்தது. மூன்றாம் தடவை தப்பாக அடித்தால் இயந்திரம் கார்டை விழுங்கிவிடும். இதுவும் விழுங்குமா? தாளில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடலாம் என்று பழைய டிஸ்கை மறுபடி மாட்டினாள். அது மூன்று தடவை டிக் என்றது. பிறகு அதுவும் நின்றது. பதினோரு வருஷம் ஓடினது சரியாக இன்றைக்கு மண்டையைப் போட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் புதியதையே திரும்ப மாட்டினாள்.

லாத்தி நகரத்தில் தங்கை வீட்டில் ஒரு பிரதி இருந்தது. அதற்கும் இதே பூட்டு, இதே சாவி.

நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியமும் கையெட்டும் தூரத்தில், ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. இன்னொரு தடவை பதிவு செய்ய அவனுக்குக் குரல் கிடையாது. ஏன் திறக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தான். அவன் வாயை ஒன்பது மணிக்கு அணைத்தவள் அவள்தான்.

அவனைப் பார்த்தாள். கண்ணை அகல விரித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், நெற்றியில் வியர்வை.

"உனக்குத் தெரியுமா? என்ன தப்புன்னு தெரியுமா?"

இமையை ஒரு தடவை மூடித் திறந்தான். ஆமாம்.

பழைய எழுத்துப் பலகையைத் தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. பிளாஸ்டிக் அட்டையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். அவள் விரலை நகர்த்திக்கொண்டே போக, வேண்டிய எழுத்து வரும்போது அவன் இமைக்க வேண்டும். ஒரு வருஷமாகத் தொடாத அட்டை. அவள் விரல் முதல் வரிசையைக் கடந்தது, இரண்டாவதைக் கடந்தது, அவன் இமைக்கவில்லை. கடைசி வரிசையில் கடைசி எழுத்தில் இமைத்தான். Ö.

"சரி, Ö. அப்புறம்?"

மறுபடி கடைசி வரிசை வரை போனது. Ä.

"Ö, Ä... என்ன வார்த்தை இது? அடுத்தது சொல்லு."

Ö.

"எஸ்கோ, விளையாடாத. இப்ப விளையாடாத."

Ä என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு யென்னா வந்தாள். பகல் சுற்றுக்கு வரும் நர்ஸ். வயிற்றுக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பவள். நல்ல பெண்தான், ஆனால் நோயாளிகளிடம் எப்போதும் 'நாம' போட்டுப் பேசுவாள். எஸ்கோவுக்கு அது பிடிக்காது. அதற்கென்றே "நாம இல்ல, நான். நீ வேணா போய்ப் படுத்துக்கோ" என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தான்.

"என்ன, நாம இன்னிக்கு இவ்வளவு அமைதியா இருக்கோம்?" என்றாள். அருகில் வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "அய்யோ, நமக்கு வியர்த்துக் கொட்டுதே. மெர்யா, எங்கயாவது வலிக்குதா இவருக்கு?"

"வலி இல்ல. எதுவோ சொல்ல வரான். ஓ, ஆ, ஓ, ஆன்னே சொல்றான்."

"அது சொல்றதில்ல, முனகல். வலியிலதான் அப்படி வரும். அந்த அமைதி மருந்தக் கொஞ்சம் போடட்டுமா? தூங்கி எழுந்தா சரியாயிடும்."

எஸ்கோ இமையை இரண்டு தடவை இறுக்கி மூடினான். இல்லை, இல்லை. யென்னா ஏற்கெனவே பையைத் திறந்துவிட்டாள்.

தூங்கிவிட்டால் சாயங்காலம் வரை போச்சு. மெர்யா அட்டையைக் கீழே வைத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் ஒருத்தரைக் குறுக்கே வெட்டிப் பேசினாள்.

"அதப் பைக்குள்ள வை. அவனே இல்லைங்கறான், பாக்கல? அவன் சொல்லி முடிக்கட்டும்."

யென்னா பையை மூடிவிட்டுச் சாப்பாட்டுக் குழாயை மாட்டினாள்.

மெர்யா அட்டைக்குத் திரும்பினாள். "எழுத்துச் சிக்கனமெல்லாம் பண்ணாத. முழுசாச் சொல்லு, நான் எத்தனை நேரம் ஆனாலும் நிக்கறேன்."

Ö. பிறகு E. பிறகு I. அவன் கண்ணோரம் நீர் கட்டியிருந்தது.

எய். இல்லை என்று அர்த்தம். "Ö இல்ல?" துண்டுச்சீட்டைப் பார்த்தாள். "இருக்கே. ரெண்டு இருக்கே. நீதான எழுதின?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் மடியிலிருந்த விசைப்பலகையைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி விசைப்பலகை.

ஹாமேக்காரி யோசித்தாள். யென்னா உணவுப் பையை மாற்றும் நேரம் முழுக்க யோசித்தாள். பிறகு கடவுச்சொல் கேட்காத வெற்று இடத்தில், அடிப்பது கண்ணுக்குத் தெரியும் இடத்தில், அதே ஒன்பது சாவிகளையும் அடித்தாள்.

திரையில் வந்தது இது: 'l'h;p;t'

"ஐயோ" என்றாள். "ஐயோ எஸ்கோ. இதுக்கு Ö தெரியல. இது இங்கிலீஷ்காரன்."

கேட்பதற்கெல்லாம் என்டர். அந்தக் கேள்விகளில் ஒன்று, உன் விசைப்பலகை எந்த மொழி என்பது. என்டர் தட்டினவுடன் அது இங்கிலீஷ் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. இங்கிலீஷில் தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து ஏது? மெர்யா Ö அடிக்க அடிக்க, உள்ளே அரைப்புள்ளி போய் விழுந்திருக்கிறது. எழுதினவனுக்கு ஒரு வரி மிச்சம் பிடிக்க ஆசை. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பாடு.

மறுபடி குச்சியைச் செருகினாள். மறுபடி ஒன்பதாம் படி. இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தாள். மொழிப் பட்டியலில் சுவோமி, அதாவது அவர்கள் பேசும் பின்னிஷ், கீழே வெகுதூரம் தள்ளி இருந்தது. தேடிப் பிடித்துத் தட்டினாள். 'சின்னது! சின்னது!' யென்னா போகவில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலறையிலேயே நின்றாள்.

இரண்டு மணி பத்துக்குத் திரை மறுபடி கடவுச்சொல் கேட்டது. இது மூன்றாவது தடவை. மெர்யா எஸ்கோவைப் பார்த்தாள். அவன் ஒரு தடவை இமைத்தான். அடித்தாள். உ-ள-றா-தே. என்டர்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை. அடுத்த வரிக்குப் போய்க் காத்திருந்தது.

"தொறந்துடுச்சா?" என்று யென்னா கேட்டாள்.

மீதி ஒன்பது படிகளை மெர்யா எப்படி முடித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. டேப்லெட்டில் வெளிச்சம் வந்தது, வாக்கியங்கள் வரிசையாக ஏறின. அவள் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்தாள். பயம் போன இடத்தில் இப்போது கோபம் வந்தது, நியாயமான கோபம்.

"நீ எழுதின ஒன்பதாம் படி இருக்கே, மூணு வாரம் உக்காந்து எழுதினியே, அதுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கூடப் போட்டிருந்தா நான் இன்னிக்கு இப்படி..."

"சவோக்காரன் பேசினா பொறுப்பு கேக்கறவன் தலையில!"

குரல் நடுவில் வந்து விழுந்தது. எட்டு விநாடி இல்லை, ஒரு விநாடிகூட இல்லை. கோட்டு அலமாரிக்குள் உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசின அதே எஸ்கோ.

மெர்யாவின் வாய் திறந்தபடியே நின்றது. போன இலையுதிர் காலத்திலிருந்து இந்த வீட்டில் அவள் ஆரம்பித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் அவளே முடித்திருந்தாள். இவ்வளவு நாளும் அது எவ்வளவு கொடுமை என்று அவளுக்குத் தெரியாமலே இருந்தது. ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"மெர்யா, நாம இப்ப..." என்று யென்னா ஆரம்பித்தாள்.

"நாம இல்ல, நான். நீ வேணா போய்ப் படுத்துக்கோ."

யென்னா வாசலறையில் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை டாக்டரின் அறையில் அதே மேஜை, அதே நாற்காலிகள். டாக்டர் நல்லவர்தான், அவசரக்காரர். இயந்திரம் பற்றி நிதானமாக விளக்கினார். பிறகு எஸ்கோவைக் கேட்டார். கேட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் மெர்யா பக்கம் தலையைத் திருப்ப ஆரம்பித்தார்.

"நான் இங்கதான் இருக்கேன்."

தலை பாதியில் நின்றது. டாக்டர் சிவந்துபோனார். "மன்னிக்கணும், எஸ்கோ" என்றார். எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் எஸ்கோவுக்கு நேர் எதிரில், முழங்காலோடு முழங்கால் இடிக்கும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். கேள்வியை முதலிலிருந்து கேட்டார்.

எஸ்கோவின் விரல் பொத்தான் மேல் இருந்தது. இந்தத் தடவை அவன் அவசரப்படவில்லை. டிஸ்க் மேல் பழி போட முடியாத, தன்னுடைய சொந்த நேரத்தை எடுத்துக்கொண்டான். டாக்டர் காத்திருந்தார். மெர்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.